இரவல் மூக்கு

பிப்ரவரி 9

அன்பு மருமகளுக்கு மாமா எழுதிக்கொள்வது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் எப்போதோ சொல்லிவிட்டேன். ஆறு வயதில் நீ மூடிய டப்பாவை மோந்து பார்த்தே உள்ளே இருப்பது பாதாமா முந்திரியா என்று சொன்னாயே, அன்றைக்கே உன் அம்மாவிடம், "அக்கா, இந்த மூக்கு மேல ஊர்க்கண்ணு விழப்போகுது, பாத்துக்கோ"ன்னு எச்சரித்தேன். அக்கா துடைப்பத்தைக் கையில் எடுத்தாளே தவிர காதில் வாங்கவில்லை. இப்போது பார். காய்ச்சல் வந்ததாம், போனதாம், போகிறபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். சாக்லேட் கேக் வேகிறது, ஆனால் பச்சைத்தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கிறது, ஐந்து வாரமாக இப்படித்தான் என்று எழுதியிருக்கிறாய்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ அழுவாய், நடுவில் அத்தை பிடுங்கிப் பேசுவாள். எழுதியதே நல்லது. எழுத்தில் நான் புலி. ஏழாம் வகுப்போடு நின்றேன் என்று ஊர் சொல்லும். எட்டாம் வகுப்புக்கு என்னைத் தாங்கும் தெம்பு இல்லை என்பதுதான் நிஜம்.

பயப்படாதே கண்ணு. எனக்கும் போயிருக்கிறது. அத்தைக்குக்கூடத் தெரியாது, கல்யாணத்துக்கு முந்தைய கதை. இருபத்துநாலு வயதில் பெயிண்ட் கிடங்கில் வேலை. ஒரு காய்ச்சல். எழுந்து பார்த்தால் மூக்கு வெறும் அலங்காரத்துக்கு இருக்கிறது. டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் விரிக்கவில்லை. சரியாகப் பதினோரு மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்துக் கொட்டகையில் யாரோ வேர்க்கடலையைக் கருக்கினார்கள். தூக்கிய மூட்டையோடு அப்படியே நின்றேன். வாசனை வந்துவிட்டது! மூட்டையைப் போட்டுவிட்டு அழுதேன். மூட்டை விழுந்தது இன்னொருத்தன் காலில். அவனும் அழுதான்.

ஆகையால் உனக்கும் பதினோரு மாதம். நாள் எண்ணிக்கொள்.

இத்துடன் நாலு கிலோ வால்நட் பருப்பு. நான் மேஸ்திரியாக இருக்கும் இந்தப் பருப்புக் கிடங்கில் ஒரு லட்சம் மூட்டை என் கண் முன்னால் போயிருக்கும், இப்படி ஒரு சரக்கு வந்ததில்லை. போன கோடையிலேயே பொறுக்கி எடுத்து, உனக்கென்று தகரப் பெட்டியில் போட்டு, என் கட்டில் தலைமாட்டில் காவல் வைத்தேன். அரசாங்க விருந்தில்கூட இது கிடைக்காது.

மாமா

பிப்ரவரி 18

மாமாவுக்கு,

பார்சல் வந்தது. பதினோரு மாதக் கதையை நாலு முறை படித்தேன். நீங்கள் சொல்கிற கதைகளில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா சொல்வாள். இதை மட்டும் கழிக்க மனசு வரவில்லை. காலண்டரில் டிசம்பரில் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

சாக்லேட் நாக்கில் இருக்கிறது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இல்லை மாமா. நாக்கில் இருப்பது இனிப்பும் கசப்பும் மட்டும். மிச்சம் முழுக்க மூக்கில் இருந்திருக்கிறது. இப்போது நான் சுடுவதைத் தின்றால் ஈரமான அட்டையில் சர்க்கரை தூவித் தின்கிற மாதிரி இருக்கிறது.

கண்ணை வைத்துத்தான் ஓட்டுகிறேன். பிரவுனியின் மேல்தோல் காகிதம் போல மினுங்கி வெடித்தால் எடுத்துவிடுகிறேன். பாதாமை வறுக்கும்போது நிமிஷத்துக்கு ஒன்றாக எடுத்து, குறுக்கே வெட்டி, உள்நிறம் பார்க்கிறேன். கேஸ் கசிந்தாலும் எனக்குத் தெரியாது என்று அம்மா சமையலறை ஜன்னலை மூடவே விடுவதில்லை. மாவு சலித்தால் காற்றில் பாதி அவள் புடவையில்.

என்னிடம் கேக் வாங்குகிறவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. கண் தெரியாதவர் ஓட்டுகிற பஸ்ஸில் யார் ஏறுவார்கள்?

ஒரு உதவி வேண்டும். இரண்டு பெட்டி அனுப்பியிருக்கிறேன். ஒன்றாம் எண், பருப்பு போடாத சாக்லேட் கேக். இரண்டாம் எண், உங்கள் வால்நட் போட்ட பிரவுனி. மோந்து பாருங்கள், தின்று பாருங்கள், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, வாயில் வைக்கமாட்டாள். மார்ச் 6-ம் தேதி, என்னிடம் வழக்கமாக வாங்குகிற பல் டாக்டர் அம்மா வீட்டில் அவருடைய அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். முப்பது பேருக்கு இந்த பிரவுனிதான். உங்கள் மூக்கைக் கொஞ்ச நாளைக்கு இரவல் கொடுங்கள்.

உங்கள் மருமகள்

பிப்ரவரி 26

அன்பு மருமகளே,

இரவல் எதற்கு, முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முதல் பெட்டியைத் திறந்தபோது கிடங்கு வாசலில் ஏழு லாரி நின்றது. ஏழு டிரைவர்களும் இறங்கி வந்துவிட்டார்கள். எட்டாவது லாரி பிரேக் போட்டது இந்த வாசனைக்குத்தான் என்று என்னால் கோர்ட்டில் சாட்சி சொல்ல முடியும். அத்தை ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு அரைமணி நேரம் பேசவில்லை. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் இது முதல் தடவை. உனக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

இரண்டாம் பெட்டி, அதாவது என் வால்நட் போட்டது, அதற்கும் மேலே. வாயில் வைத்ததும் கண்ணில் தண்ணீர். இங்கே ஒரே நடையில் இரண்டு மூட்டை தூக்குகிற ஆள் ஒருத்தன் இருக்கிறான், பெயரே 'இரண்டு மூட்டை'தான். அவன் தின்றுவிட்டு வாயடைத்துப் போனான். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? யோசிக்காதே. அப்படியே சுட்டு அனுப்பு.

மாமா

மார்ச் 9

மாமா,

பல் டாக்டர் அம்மா பெட்டிகளை அவரே தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து திருப்பிக் கொடுத்தார். சண்டை போட்டிருந்தால் தேவலை. வாசலில் நின்று மெதுவாகத்தான் கேட்டார். "பழைய எண்ணெய் நாத்தம் அடிக்குதும்மா. அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க மோந்தே பாக்கலையா?"

பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்தேன்.

முப்பது பேர் ஆளுக்கு ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார்களாம். பெரியவர் மட்டும், பாவம், மகள் மனசு நோகக்கூடாது என்று முழுசாகத் தின்றாராம்.

உங்கள் வால்நட் காறிப் போயிருக்கிறது. கசப்பு தெரிந்தது. சாக்லேட்டின் கசப்பு என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரியாது, உங்களுக்குமா தெரியவில்லை? நான் உங்களிடம் கேட்டது மூக்கை. நீங்கள் அனுப்பியது வாயை.

தெருமுனைக் கூரியர் ஆபீஸில் ஆள் கேட்கிறார்கள். விலாசம் ஒட்டுகிற வேலை, மூக்கு தேவையில்லை. திங்கட்கிழமை போகலாம் என்றிருக்கிறேன்.

மார்ச் 13

மருமகளுக்கு,

எனக்குத் தெரிந்தது. முதல் கடியிலேயே தெரிந்தது.

'இரண்டு மூட்டை' வாயடைத்துப் போகவில்லை. "மேஸ்திரி, இது லாரி சீட்டு வாசனை அடிக்குதே"ன்னான். நான்தான் அவன் வாயை அடைத்தேன். அத்தை துப்பிவிட்டு, "ஏங்க, தகரக் கூரைக்குக் கீழ ஒரு கோடை முழுக்க வெந்தது காறாம என்ன செய்யும்? உங்க தலைமாட்டுல வச்சா உங்க தலை மாதிரிதான் ஆகும்"னு சொன்னாள். கண்ணில் தண்ணீர் வந்தது என்று எழுதினேன் இல்லையா, அது மட்டும் நிஜம். நாற்றம் அப்படி.

உனக்கு எழுத உட்கார்ந்தால், மூக்கு போன பிள்ளையிடம் 'உன் கேக் நாறுகிறது' என்று எழுத என் கை வளையவில்லை. பெருமையாக நாலு வார்த்தை எழுதினால் தெம்பாக இருக்குமே என்று எழுதிவிட்டேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். கெட்டுப் போனது நான் கொடுத்த பருப்பு, கெடுத்தது நான் எழுதிய எழுத்து, திட்டு வாங்கியது நீ. அந்தப் பல் டாக்டர் அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடு. மூக்கு போனதையும் சொல், மாமன் புளுகியதையும் சொல். என் பெயர் கெட்டால் கெடட்டும், அது ஏற்கெனவே அடிபட்ட பாத்திரம்தான்.

இத்துடன் புது வால்நட், இந்த வாரம் உடைத்தது. வந்ததும் குளிர்பெட்டியில் வை. இனிமேல் நீ அனுப்புகிற ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று பேர் தனித்தனியாகச் சொல்வோம்: நான், அத்தை, 'இரண்டு மூட்டை'. அவனுக்கு எழுதத் தெரியாது, ஆனால் புளுகவும் தெரியாது.

கூரியர் ஆபீஸுக்குப் போகாதே கண்ணு. போனால் உன் கேக்குகளுக்கு நீயே விலாசம் ஒட்ட முடியாது, வேறு எவளாவது சுட்டதற்கு ஒட்டுவாய். இன்னும் எட்டரை மாதம்தான். எனக்கு வந்தது, உனக்கும் வரும்.

மாமா

மே 2

மாமாவுக்கு,

சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே புதுசாக ஒரு பெட்டி சுட்டு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். மூக்கு போனதைச் சொன்னேன், உங்களையும் சொன்னேன். பல் டாக்டர் அம்மா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, கடைசியில் சிரித்தேவிட்டார். "உங்க மாமாவை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, பல்லு பாக்கணும். இவ்வளவு புளுகுற வாய்ல பல்லு எப்படி நிக்குது?" பெட்டியை அங்கேயே திறந்து மோந்து பார்த்துவிட்டு, அவருடைய அப்பாவுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

வாங்குகிற எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் வந்ததும் பெட்டியைத் திறந்து மோந்து, என்ன வாசனை என்று எனக்கு விவரம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். மேல்மாடித் தையல்காரர், "மழைக்கு முன்னாடி காத்து அடிக்குமே, அப்படி, ஆனா இனிப்பா"ன்னார். அன்று முழுக்க அதை நினைத்துக்கொண்டே பாதாம் பொடித்தேன்.

உங்கள் மூன்று பேர் அட்டை வந்தது. ஹேசல்நட் டார்ட்: "மாமா – பரவாயில்லை. அத்தை – அடி ஓடு கொஞ்சம் கெட்டி. இ.மூ. – சுமார்." மாமா, எனக்கு இதுவரை கிடைத்த பாராட்டிலேயே அந்த 'சுமார்'தான் பெரியது. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். திட்டுவதற்கு ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அடுத்த பெட்டியைச் சுட முடிகிறது. நன்றி. அத்தைக்கும் சொல்லுங்கள். இ.மூ.வுக்குத் தனியாக நாலு துண்டு.

உங்கள் மருமகள்

ஜூலை 11

மாமா,

நேற்று சாக்லேட் உருக்கும்போது மூக்கில் ஏதோ ஏறியது. ஆறு மாதத்தில் முதல் முறை. கத்தினேன், அம்மா ஓடி வந்தாள்.

ஆனால் அது சாக்லேட் இல்லை. எரிகிற ரப்பர். வால்நட்டும் ரப்பர். டீயும் ரப்பர். அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்தேன், அங்கேயும் ரப்பர். ஒன்றுமே தெரியாமல் இருந்தபோதுகூட இப்படி அழவில்லை. சமையலறைக்குள் போனாலே குமட்டுகிறது. நாலு ஆர்டரைத் திருப்பிவிட்டேன். என் டாக்டர் ஊரில் இல்லை, வர மூன்று வாரம் ஆகும். எல்லாம் நிரந்தரமாக இப்படியே ஆகிவிட்டால் ஓவனைக் கொடுத்துவிடுவேன்.

உங்களுக்கு இப்படி வந்ததா? கேக் மேல் ஆணையாகக் கேட்கிறேன். வந்ததா இல்லையா, அதை மட்டும் எழுதுங்கள்.

ஜூலை 17

மருமகளே,

வந்தது.

எனக்கு ரப்பர் இல்லை, எனக்கு எல்லாமே ஈர நாய். சோறு நாய், சோப்பு நாய், முதலாளி நாய் (அவர் விஷயத்தில் மூக்கு தப்புச் சொல்லவில்லை). ஒரு மாதத்துக்கு மேல் அப்படி. அது நல்ல சகுனம். அறுந்த ஒயர் மறுபடி ஒட்டும்போது முதலில் தாறுமாறாகத்தான் ஒட்டுமாம். தூங்கிப் போன கால் முழிக்கும்போது குத்துகிறதில்லையா, அந்த மாதிரி. குத்துகிறது என்றால் உயிர் வருகிறது என்று அர்த்தம்.

தினம் காலையும் மாலையும் நாலு பொருளை மோந்து பார். கொக்கோ, காப்பித்தூள், வறுத்த பாதாம், எலுமிச்சைத் தோல். ஒவ்வொன்றுக்கும் இருபது வினாடி. ரப்பராக இருந்தாலும், 'நீ கொக்கோ, எனக்குத் தெரியும்' என்று அதனிடம் சொல்லிக்கொண்டே மோந்து பார். குமட்டினால் ஜன்னலண்டை போய் நின்றுவிட்டு மறுபடி வா. ஓவனை யாருக்கும் கொடுக்காதே. இது மாமனின் ஆணை.

இந்தக் கடிதத்தில் வேறு ஒன்றும் எழுதப்போவதில்லை. நான் சுருக்கமாக எழுதினால் விஷயம் நிஜம் என்று உனக்கே தெரியும்.

மாமா

நவம்பர் 20

என் மாமாவுக்கு,

வியாழக்கிழமை. உங்களுடையது செவ்வாய். மற்றபடி நீங்கள் சொன்னபடியேதான்.

ஹேசல்நட்டை வறுத்து, சூட்டோடு துணியில் கொட்டித் தோல் நீங்கத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகக் காற்று, தோல் எல்லாம் பறக்கிறது, அம்மா தும்முகிறாள். எங்கிருந்தோ ஒரு நல்ல வாசனை வந்தது. யார் வீட்டில் என்னவோ செய்கிறார்கள் என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. திரும்பினேன். என் கையில் இருந்த துணி, மாமா.

உட்கார்ந்துவிட்டேன். துணியை முகத்தில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா பயந்துபோய், "என்னடி ஆச்சு, மறுபடி ரப்பரா?"ன்னாள். "ஹேசல்நட்டும்மா, ஹேசல்நட்டு"ன்னு சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு சாக்லேட்டை உருக்கினேன். வெண்ணெய் சேர்த்தேன். அது வந்தது, கொஞ்சம் மங்கலாக, ஆனால் அதுவேதான். அன்றைக்குச் சுட்ட டார்ட்டை யாருக்கும் விற்கவில்லை. நானும் மேல்மாடித் தையல்காரரும் பல் டாக்டர் அம்மாவின் அப்பாவும் தின்றோம். உங்களுக்கு ஒரு பாதி இத்துடன்.

பத்தரை மாதம். ஜூலையில் ஓவனைத் துடைத்து, தூக்கிப்போக ஆளும் வரச்சொல்லிவிட்டேன். உங்கள் 'வந்தது' என்ற ஒரு வார்த்தைக்குத்தான் நிறுத்தினேன். மற்றவர்கள் எல்லாம் 'வரும் வரும்' என்றார்கள். மூக்கு போய்த் திரும்பி வந்த ஆள் என்று எனக்குத் தெரிந்தது நீங்கள் ஒருவர்தான். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று இந்தப் பத்து நாளாகத் தேடுகிறேன்.

இன்னொன்று. டாக்டர் வரவேற்பறையில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். தேயிலை ருசி பார்க்கிற வேலை, இருபது வருஷ அனுபவம். மூக்கு போய்ப் பதினாலு மாதம். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறார். உங்கள் கதையைச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார், உங்களிடம் கேட்க ஒன்பது கேள்வி எழுதியிருக்கிறார். முதலில் எந்த வாசனை வந்தது, எத்தனையாவது மாதம், ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு எடுப்பாராம். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் போன் செய்யச் சொல்லட்டுமா?

உங்கள் மருமகள்

நவம்பர் 25

அன்பு மருமகளே,

உன் கடிதத்தைக் கிடங்கு நடுவில் நின்று உரக்கப் படித்தேன். சரக்கு ஏற்றுவது நின்றுபோனது. 'இரண்டு மூட்டை' முதல் தடவையாக ஒரு மூட்டையோடு நின்றான். அத்தை அழுதுவிட்டுச் சிரித்துவிட்டு மறுபடி அழுதாள். டார்ட்: அத்தை – முதல் தரம். இ.மூ. – முதல் தரம். நான் – தட்டை வழித்தேன். இதில் ஒரு எழுத்துகூட மிகை இல்லை.

நன்றி எல்லாம் எனக்கு எதற்கு? நீ மோந்து பார்த்தாய், நீ குமட்டினாய், ரப்பர் நாற்றத்தில் நாலு மாதம் நின்றது நீ. அந்தக் கேக்குகளைத் தின்றது நான். கணக்குப்படி நன்றி சொல்ல வேண்டியவன் நான்தான். சொல்லிவிட்டேன்.

தேயிலை அம்மாவை எனக்குப் போன் பண்ணச் சொல்லாதே. அவருக்கு நீ சொல். ஒன்பது கேள்விக்கும் நீயே பதில் எழுது. பத்தரை மாதம், ஹேசல்நட், வியாழக்கிழமை, நடுவில் ரப்பர் வந்தது, நாலு பொருளை மோந்து பார்த்தேன் என்று உள்ளதை எழுது. எல்லோருக்கும் வரும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்து எழுது. இருபது வருஷ வேலையை ஒருத்தர் விடுவதா வைப்பதா என்பது என் வாயை நம்பி நிற்கக்கூடாது.

ஏன் என்று கேட்பாய். ஜூலையில் உன் ரப்பர் கடிதம் வந்த அன்று லாரிகளை நிறுத்திவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் பேரில் சீட்டு எடுத்து மூன்று மணி நேரம் வரிசையில் உட்கார்ந்தேன். "எல்லாம் ரப்பர் நாத்தம் அடிக்குது டாக்டரம்மா"ன்னேன். அந்த அம்மா சின்னப் பிள்ளை, பொறுமையாக எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அறுந்த ஒயர், தூங்கின கால், நாலு பொருள், இருபது வினாடி, எல்லாம் அவர் சொன்னது. கிடங்கு ரசீதின் முதுகில் எழுதிக்கொண்டேன். பிறகு என் மூக்குக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார், கண்ணைக் கட்டி ஏழெட்டு புட்டியை நீட்டினார். நான் தேறிவிடக்கூடாது என்று எவ்வளவோ பாடுபட்டேன். கிராம்பு வந்ததும் வாய் தானாகக் 'கிராம்பு' என்றது. "பெரியவரே, யாருக்காக வந்தீங்க?"ன்னு கேட்டார். மருமகளுக்கு என்று சொன்னேன். சீட்டைக் கிழிக்காமல் மடித்து என் பையில் வைத்து அனுப்பினார்.

பெயிண்ட் கிடங்கில் நான் வேலை பார்த்தது உண்மை. காய்ச்சல் வந்தது உண்மை. வேர்க்கடலை கருகியதும் உண்மை, கருக்கியவன் நான். மூட்டை காலில் விழுந்தவன் இன்னும் நொண்டுகிறான், போய்ப் பார்க்கலாம். பிப்ரவரியில் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இதற்குள்ளே ஒரே ஒரு சங்கதியை மட்டும் நான் சேர்த்தேன் கண்ணு. என் மூக்கு ஒரு நாள்கூடப் போனதில்லை.

மாமா